கேரவன் குழாயில் நூலாக வந்த தண்ணீர்

உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? மோட்டாரையா, மேல்வீட்டுக்காரரையா? எங்கள் தொழிலில் அந்தக் குழப்பமே கிடையாது, நேராக டிரைவரைத்தான் திட்டுவார்கள். சினிமா ஷூட்டிங்குக்குப் போகிற கேரவன் தெரியுமில்லையா, உள்ளே மேக்கப் ரூம், கட்டில், பாத்ரூம் எல்லாம் வைத்த பஸ்? எர்ணாவூர்ப் பக்கம் அப்படி ஆறு வண்டி நிற்கிற ஷெட்டில் எனக்கு வேலை. குழாய், பம்பு, டேங்க் எல்லாம் என் பொறுப்பு. நான்கு வருஷத்தில் பார்த்த கோளாறுகளைச் சொல்லச் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஆண்டனி அண்ணன் என்ற டிரைவருக்கு வேலையும் போய், பேரும் போனது. தப்பு என்னுடையது. கூட வேலை செய்கிறவர் தலையில் தன் தப்பை ஏற்றிவிட்டு வாய்மூடி இருந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

குழாய் வாயில் உப்பு

நான் இங்கே சேர்ந்தது பாத்ரூம் கழுவத்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்துவிட்டு, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். மகள் யாழினி அப்போது கைக்குழந்தை. ஒருநாள் ஒரு நடிகையம்மா, வாஷ்பேசினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று சத்தம் போட்டார். ஆண்டனி அண்ணன் பம்புக்கு முன்னால் குந்தி, அதையே முறைத்துக்கொண்டிருந்தார். ராயபுரத்துக்காரர், நாற்பத்தைந்து வயசிருக்கும்.

எனக்கென்னவோ பம்பு நன்றாகத்தான் உறுமுகிற மாதிரி இருந்தது. குழாயின் மூக்கைத் துணி சுற்றித் திருகினேன். உள்ளே இருந்த குட்டிச் சல்லடை முழுக்க உப்பு பிடித்துக் கல்லாகியிருந்தது. கேன்டீனில் எலுமிச்சம்பழம் வாங்கி, பிழிந்து, ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து என் முகத்திலேயே அடித்தது. அன்று சாயங்காலம் ஆண்டனி அண்ணன் ஓனரிடம் போய் நின்றார். நான் இன்றைக்கு இந்த வேலையில் இருப்பது அவர் அன்று சொன்ன பேச்சால்தான்: "மொதலாளி, இந்தத் தங்கச்சி கையில கீற தொடப்பத்த வாங்கிக்கினு ஸ்பேனரக் குடு. வேல தெரிஞ்ச கை."

பட்டினி பம்பு

முகத்துவாரக்குப்பத்தில் கடலோரமாக ஷூட்டிங். ஷவரில் தண்ணீருக்கு வேகமே இல்லை. நான் அதற்குள் பெரிய டாக்டராகியிருந்தேன். ஷவர் ஓட்டைகளை ஊசியால் குத்தினேன். பம்புக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் கிண்ணத்தைக் கழுவினேன். ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று படுத்துப் பார்த்தேன். கடைசியில் பம்பையே அவிழ்த்து நியூஸ்பேப்பரில் பரப்பினேன். அன்று மூன்று மணிக்கு யாழினிக்குப் பால்வாடியில் மயில் வேஷம். பரப்பியதை மறுபடி மாட்டி முடிக்கும்போது மணி நாலரை. தண்ணீர் அப்போதும் அப்படியேதான் வந்தது.

ஆண்டனி அண்ணன் உள்ளே வந்து லைட்டைப் போட்டார். அகல்விளக்கு மாதிரி எரிந்தது. காலையிலிருந்து ஜெனரேட்டரைப் போடாமல் டி.வி.யும் ஃபேனும் ஓட்டியிருக்கிறார்கள். பேட்டரி காலி. பம்பு அரை உயிரில் சுற்றியிருக்கிறது. மயிலை நான் போனில்தான் பார்த்தேன், தோகை ஒரு பக்கம் சாய்ந்துபோய் நின்றது. எனக்கு அழுகை வந்தது. அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது: "வவுத்துல ஒண்ணுமில்லாம சுருண்டு கெடந்தவனுக்கு ஆபரேசனே பண்ணிட்டியே, தங்கச்சி!"

பால் கவர்

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணூர்க் காற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் வரும். காலையில் துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். அது டேங்கில் விழக்கூடாது என்று, நிற்கிற வண்டிகளின் ஏர் பைப் வாயில் பால் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிடுவோம். அந்த பைப் வண்டிக் கூரையில் இருக்கும். டேங்கிலிருந்து தண்ணீர் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வருவது அது வழியாகத்தான். வண்டி கிளம்புமுன் கவரை எடுக்க வேண்டியது நான். ஒருநாள் இரண்டு வண்டி கிளம்ப இருந்தது. ஒன்றில் எடுத்துவிட்டு, அடுத்ததற்கு ஏணியை நகர்த்தும்போது பால்வாடி டீச்சர் போன் செய்தார். யாழினிக்கு உடம்பு கொதிக்கிறதாம். ஏணியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

அடுத்த வண்டி ஆண்டனி அண்ணனுடையது. விம்கோ நகரில் மூடிக் கிடக்கிற ஒரு ஃபேக்டரிக்குள் சண்டைக் காட்சி. ஹீரோ உடம்பெல்லாம் கரியும் ரத்தச் சாயமுமாகக் குளிக்கப் போயிருக்கிறார். தலையில் ஷாம்பு போட்டதும் தண்ணீர் நூலாகி, நின்றுவிட்டது. ஆண்டனி அண்ணன் எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறார். நான் கிளினிக்கில் டோக்கனுக்கு நின்றேன், எடுக்கவில்லை. ஷூட்டிங் மேனேஜர் டேங்கின் அடித் திருகைத் திறந்து பார்த்தார். இரண்டு கை தண்ணீர் சொட்டிவிட்டு நின்றுபோனது. காற்று நுழைய வழியில்லாவிட்டால் நிறைந்த டேங்கும் அப்படித்தான் செய்யும். அங்கே அது யாருக்கும் தெரியவில்லை.

டேங்க் காலி, டிரைவர் நிரப்பவே இல்லை என்று முடிவாகிவிட்டது. "ரொப்பிக்கினுதான் வந்தேன் சார்" என்று அண்ணன் சொன்னது எடுபடவில்லை. ஏனென்றால் அவர் ஒருகாலத்தில் குடித்தவர். மாதா கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அத்தனை பேர் முன்னால் மேனேஜர் கேட்டாராம்: "காலையிலயே ஊத்திட்டு வந்தவனுக்கு, டேங்க்ல என்ன இருந்துச்சுன்னு எப்படிய்யா தெரியும்?"

கூரை மேலே

மறுநாள் வண்டி ஷெட்டுக்கு வந்தது. வேறு டிரைவர் ஓட்டிவந்தார். அண்ணனை ஓனர் போனிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டிருந்தார். நான் டேங்கின் அடித் திருகைத் திறந்தேன், சொட்டியது. என்னவோ உறைத்தது. திருகை மூடாமலே ஏணியைப் போட்டுக் கூரைக்கு ஏறினேன். பால் கவர் இருந்தது. பைப்புக்குள் குழிந்து, உறிஞ்சி இழுத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தேன். பைப் உஸ்ஸென்று மூச்சு வாங்கியது. கீழே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணன் நிரப்பிய தண்ணீர்.

சத்தம் கேட்டு ஓனர் வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், கத்தவே மாட்டார். "என்னம்மா மலரு, இவ்வளவு தண்ணி கொட்டுது?" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கவர் கையிலேயே இருந்தது. அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "டேங்க் கழுவலாம்னு இப்பத்தான் ரொப்புனேண்ணே" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஓனர் தலையாட்டினார்: "கழுவு, நல்லாக் கழுவு. அந்த ஆண்டனி விட்டுட்டுப் போன அழுக்கெல்லாம் போவட்டும்."

ஓனர் ரூமில்

மேனேஜர்களுக்குள் ஒரு போன் குரூப் உண்டு. அண்ணன் பேர் அதில் சுற்றிவிட்டது. எந்த ஷெட்டிலும் கூப்பிடவில்லை. காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன், குழந்தைக்குச் சோறு ஊட்டினேன், பாட்டுப் பாடினேன். ஆனால் ஒவ்வொரு வண்டியின் கூரைக்கு ஏறும்போதும் பைப் வாயை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் ஒருநாள் ஓனர் ரூமில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவர், ஏணி, பொய், எல்லாம். அவர் என் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் போட்டு, தப்பு டிரைவர் மேல் இல்லை, எங்கள் ஷெட் மேல் என்றார். அந்தப் பக்கம் மேனேஜர் "அப்படியா" என்று மட்டும் சொன்னாராம். "ஆண்டனியண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கண்ணே" என்றேன். அந்த வண்டிக்கு ஆள் போட்டாயிற்று, அடுத்த வண்டி வாங்கினால் பார்க்கலாம் என்றார். நான் வெளியே வரும்போது, கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்னைக்கு ஏணி மேல நின்னப்ப சொல்லிருந்தா, நானே அவன் வீட்டுக்குப் போயிக் கூட்டிட்டு வந்திருப்பேனேம்மா?"

ராயபுரத்தில்

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் திரும்பியிருப்பார் என்று கணக்குப் போட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்னேன். "பால் கவரா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அட பேஜாரே!" என்று சிரிக்கத் தொடங்கினார். பாதியிலேயே சிரிப்பு நின்றது. அடுத்த வண்டி வந்தால் ஓனர் கூப்பிடுவார் என்றேன். "வேல கெடக்குது வுடு" என்றார். எந்த அடைப்பையும் அரை மணியில் கண்டுபிடிப்பவள் என்று ஷெட்டில் பேர் வாங்கிய நான், கண்டுபிடித்த இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் நாற்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிலேர்ந்து நான் வூட்டுக்குள்ள வந்தா, எம் பொண்டாட்டி என் வாய மோந்து பாக்குது, தங்கச்சி. நான் சொன்னா நம்பல. உள்ளதான் கீது, மீன் கழுவிக்கினு. எனுக்கு சொன்னத அப்பிடியே அதாண்ட போயி ஒரு தபா சொல்லிட்டுப் போம்மா."