இரக்கத்துக்கு எடுத்த படம்

திண்டிவனத்தில் இலவசமாகப் பால் பவுடர் தரும் தரும சங்கத்தார் எங்கள் சேரிப் பிள்ளைகளைப் படம் பிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். என் மனைவி மகளுக்கு எண்ணெய் தடவி, தலை வாரி, கனகாம்பரம் வைத்தாள். விழுப்புரத்தில் வாங்கிய பாவாடையைக் கட்டிவிட்டாள்.

படம் பிடிப்பவர் முகம் சுளித்தார். "இன்னாய்யா, பொண்ண கல்யாணத்துக்கா இட்டுக்கினு வந்தே? இதப் பாத்து எவன் இரக்கப்படுவான்? பூவ எடு. கந்தலக் கட்டு."

எனக்கு யாரிடமும் பேச வராது. அன்று பேசினேன். "ஏழைதாங்க. ஆனா எம்புள்ள இப்டி இருக்காதுங்க."

"பாலு வேணுமா, வேணாமா?"

மாற்றினோம். அவரே அவள் தலையைக் கலைத்துவிட்டார்.

"யப்பா, நான் நல்லா இல்லியா?" என்றாள் மகள்.

அந்தப் படத்தைப் பார்த்து எங்கேயோ யாரோ கண்ணீர் விட்டிருப்பார்கள். நாங்கள் அழைத்துப்போன பிள்ளையை அவர்கள் பார்க்கவே இல்லை.