எத்தனை தடவை பால் கட்டுச்சு?

நாமக்கல்லில் என் கிளினிக்குக்கு அடுத்த கட்டடம் லாரி புக்கிங் ஆபீஸ். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் அங்கேதான் வரும். போன மாதம் ஒரு காலையில் அந்த ஆபீஸ் குமாஸ்தா படியேறி வந்து, "டாக்டருங்களே, சேலத்துல இருந்து போனுங்க. கமலவேணி டாக்டரம்மா தவறிட்டாங்களாமா" என்றார். அப்போது எனக்குள் எழுந்த முதல் எண்ணம், இனி யாரும் என்னை அவரோடு ஒப்பிட மாட்டார்கள் என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அவரை அறிந்தவர்கள் படிக்கப்போகும் எழுத்து இது. அதனால் வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரே மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒரே வயது. நான் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, அவர் அம்மாபேட்டை நெசவாளியின் மகள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், இழை முடிந்து பழகிய விரல்கள் என்பதால்தான் அவர் கை அத்தனை நுட்பமாக இருந்தது என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அது பொய். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஊசி போடப் பழக, கமலவேணி ஒரு பாலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு கத்தரிக்காயைப் போட்டு, மேலே துணியை மூடி, நீண்ட ஊசியால் அந்தக் காயின் நடுவைக் குத்தப் பழகினார். காய் நழுவும், மறுபடி குத்துவார். மாதக்கணக்கில் இது நடந்தது. "குத்துனதெல்லாம் கொழம்புக்குங்களா டாக்டரம்மா?" என்று நர்சு கேலி செய்வார். "கொழம்பு வெச்சா மொதல் கரண்டி உங்களுக்குத்தான்" என்பார் இவர். தறியைப் புகழ்ந்துவிட்டால் உழைப்பைப் பார்க்க வேண்டியதில்லை. நானும் அப்போது பக்கத்து நாற்காலியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவன்தான்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து பழனியம்மாள் வந்தது அப்படியொரு நாளில். மஞ்சள் விளைவிக்கும் குடும்பம். ஏழாம் மாதம். மாமியார் துணைக்கு வந்திருந்தார். "எத்தனையாவது குழந்தை?" என்று கேட்டேன். "இதுதானுங்க மொதலு" என்றார் மாமியார். பழனியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரத்தம் நெகடிவ் வகை, கணவனுடையது பாசிடிவ். முதல் கர்ப்பத்தில் அதனால் பெரும்பாலும் ஆபத்து வராது. "முதல் கர்ப்பம், கவலை இல்லை" என்று சீட்டில் எழுதி முடித்து, அனுப்பவிருந்தேன்.

கமலவேணி வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தார். தொட்டபடியே, ஏதோ மழையைப் பற்றி விசாரிப்பவர் போல, "எத்தனை தடவை பால் கட்டுச்சு சாமி?" என்று கேட்டார்.

பழனியம்மாள் நிமிர்ந்தாள். "மூணு தடவைங்க. துணியக் கட்டி வத்த வெச்சாங்க."

குழந்தை இறந்தாலும் தாய்க்குப் பால் கட்டும். முதலாவது குறைமாதத்தில் பிறந்து இறந்தது, மற்ற இரண்டும் உடம்பு வீங்கிப் பிறந்து இறந்தவை. பேர் வைப்பதற்கு முன்பே புதைத்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவற்றைப் பற்றிப் பேசுவதும் ஆகாது. அந்தக் குடும்பத்தின் வழக்கம் அப்படி. மாமியார் சொன்னதும் பொய்யல்ல. அவருக்குத் தெரிந்த எண்ணிக்கையில் இதுதான் முதல் குழந்தை. நான் வழக்கத்திடம் கேட்டேன், கமலவேணி உடம்பிடம் கேட்டார். என் எழுத்தை அவர் அடிக்கவில்லை. அதற்குக் கீழே "நான்காவது" என்று மட்டும் எழுதினார். அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

முந்தைய பிரசவங்களில் குழந்தைகளின் இரத்தம் தாயின் உடம்பில் கலந்திருந்தது. அதை எதிர்க்கப் பழகிவிட்ட தாயின் இரத்தம், இப்போது வயிற்றில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தை அழித்துக்கொண்டிருக்கும். அழிவு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதைக் குழந்தையைச் சுற்றியுள்ள நீரின் மஞ்சள் நிறம் சொல்லும். கமலவேணி ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்தார். விஷயம் கேட்ட மாமியார், "மஞ்ச நெறம் மங்களந்தானுங்களே?" என்றார். "காட்டுல வெளஞ்சா மங்களந்தானுங்க. இந்தத் தண்ணியில வரக் கூடாதுங்க" என்றார் கமலவேணி.

நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஒரு நூல் ஆலையின் சாய ஆய்வகத்தில் இருந்தது. அங்கே அவர் பேசி ஏற்பாடு செய்திருந்தார். வெயில் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும் என்பதால், எக்ஸ்ரே படம் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தைப் புட்டியின் மேல் சுற்றி என்னிடம் கொடுத்தார். நான் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

காகிதத்தைப் பிரித்தேன். நிறம் பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் தெளிவாகவே தெரிந்தது. ஆனாலும் திரும்பச் சுற்றவில்லை. அரை மணி நேரம் புட்டி என் மடியில் வெயில் குடித்தது. அவர் கணிப்பு தவறட்டும் என்று விரும்பினேன். அது தவறினால் ஒரு குழந்தை சாகும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வகத்தில் வந்த எண் குறைவாக இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். கமலவேணி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து கறுப்புக் காகிதம் சுற்றிய இன்னொரு புட்டியை எடுத்தார். "பாதியை எடுத்து வெச்சிருந்தேன். உங்க மேல சந்தேகம் இல்லீங்க டாக்டரே, டவுன் பஸ் மேலதான்" என்று சொல்லிவிட்டு அவரே கிளம்பிப் போனார். இரண்டாவது எண் மிக அதிகம். குழந்தைக்கு வயிற்றுக்குள்ளேயே இரத்தம் செலுத்தாவிட்டால் அந்த வாரம் தாண்டாது.

என்ன நடந்தது என்று அவர் என்னிடம் கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பையனா இருந்தா ஊசி போடுங்க. பொட்டப் புள்ளைக்கு எதுக்குங்க இத்தனை பாடு?" பையன் என்று சொல்லித் தொலையுங்கள் என்று நான் காதோரம் முணுமுணுத்தேன். கமலவேணி, "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேனுங்க" என்றார். பிறகு பழனியம்மாளிடம் திரும்பி, "கையெழுத்துப் போடுவியா கண்ணு?" என்று கேட்டார்.

"பேரு எழுதுவனுங்க."

"கணவர் கையெழுத்து இல்லாமல் எப்படி? நாளைக்கு நமக்குத்தான் வம்பு" என்றேன் நான்.

"ஊசி யாரு வயித்துல எறங்குது?" என்றார்.

பழனியம்மாள் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டுநர் ஒருவர் அதே நெகடிவ் வகை. அவர் வந்து இரத்தம் கொடுத்தார். எக்ஸ்ரே படத்தின் துணையோடு, தாயின் வயிற்றைத் தாண்டிக் குழந்தையின் வயிற்றுக்குள் ஊசி இறங்கியது. குழந்தை ஒருமுறை நழுவியது. கமலவேணி அவசரப்படவில்லை. ஊசியை அசைக்காமல், அது திரும்பி வரும் வரை காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு என் கைக்கு வராது என்பது எனக்கு அங்கேயே புரிந்தது. பத்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை செலுத்தினார். எட்டு மாதம் முடிந்ததும் பிரசவம். பெண் குழந்தை. மெலிவாக, மஞ்சள் பூத்து, ஆனால் கத்திக்கொண்டு பிறந்தாள்.

நான் அந்த ஆண்டே நாமக்கல்லுக்கு இடம் மாறினேன். காரணம் கேட்டவர்களிடம் சொந்த ஊர்ப் பாசம் என்றேன்.

கமலவேணி இரத்தத்தின் வழியாகத் தொற்றும் மஞ்சள் காமாலையில் இறந்தார். எங்கள் மருத்துவமனையில் கையுறைகளை வேக வைத்து, பவுடர் போட்டு, ஓட்டை விழுந்தாலும் மாட்டிக்கொள்வோம். நோய் எந்த ஓட்டை வழியாக ஏறியதோ தெரியாது. இதை விதி என்று யாரும் என்னிடம் சொல்ல வர வேண்டாம். கையுறை வாங்க மனமில்லாதவர்கள், இரங்கல் கூட்டத்துக்கு ஆளுயர மாலையோடு வந்தார்கள். வயிற்றுக்குள் பார்க்கும் ஸ்கேன் கருவி மட்டும் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டது. அதன் முன்னால் வரிசையில் நிற்பவர்கள் கேட்பது அந்த மாமியாரின் கேள்வியைத்தான். அதற்குப் பதில் சொல்ல என்னைப் போல் படித்தவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாபேட்டையில் உடலை எடுக்கும் முன் பழனியம்மாளைப் பார்த்தேன். பள்ளிச் சீருடையில் மகள் பக்கத்தில் நின்றாள். பழனியம்மாளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் கமலவேணியின் காலடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்த ஒரு பெண், "இது ஒண்ணுதானா அம்மிணி? எத்தனை கொழந்தைங்க உனக்கு?" என்று விசாரித்தார்.

"நாலுங்க" என்றாள் பழனியம்மாள். "மூணு பேரு இல்லீங்க. இவ நாலாவது."

கமலவேணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். வருகிற ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கேட்கிறேன். கூட வந்தவர்கள் முதல் குழந்தை என்று சொல்லும்போது, சிலர் தலை குனிந்தபடி விரலை நீட்டுகிறார்கள். ஒன்று. சிலர் இரண்டு. அவர்களின் சீட்டில் சரியான எண்ணை எழுதுகிறேன். நல்ல டாக்டர் என்று நாமக்கல்லில் எனக்குப் பெயர் வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. அதுவும் அவருடையது.