டில்லி மெம்பரின் வலது வாசல்

மகால் பக்கத்துத் தெருவில் நூல் வியாபாரம் செய்துவந்த ராமதாஸ், வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளின் தொடக்கத்தில் டில்லி மத்திய சட்டசபைக்கு மெம்பராகப் போனார். எதற்குப் போனார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. வரி கட்டும் வசதிக்காரனுக்கு மட்டுமே ஓட்டு இருந்த காலம் அது. எதிர்த்து நின்ற வக்கீல் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார், இவர் ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவனெல்லாம் 'மெம்பரய்யா' என்றுதான் கூப்பிட வேண்டும். 'அண்ணே' என்று கூப்பிட்டால் மனுஷனுக்குக் காது கேட்காது.

முதல் இரண்டு வருஷம் அவர் டில்லியில் வாயே திறக்கவில்லை. பஞ்சகச்சத்துக்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி, மற்றவர்கள் மேஜையைத் தட்டும்போது தானும் தட்டினார். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் மாலை போட்டோம். என்ன சாதித்தார் என்றா? அவ்வளவு தூரம் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தாரே, போதாதா!

அப்போதுதான் நூலுக்குப் புது வரி போடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. வரி விழுந்தால் நூல் விலை ஏறும். என்னைப் போன்ற தறிக்காரன் பாவு போட முடியாது. என் தறி நின்றால் அன்னக்கொடி வீட்டில் உலை கொதிக்காது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குழலில் எனக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்றினாள்.

தெருவே திரண்டு மெம்பரிடம் போனோம்.

"இம்புட்டுத்தானா? வரி வேணாம்னு ஓட்டுப் போட்டா முடிஞ்சது. நானே நூல்காரன், எனக்குத் தெரியாதா?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வரி நிறைவேறிவிட்டது. அதை ஆதரித்தவர்கள் பெயரையெல்லாம் பத்திரிகை போட்டிருந்தது. நடுவே எங்கள் கனம் ராமதாஸ்! அச்சுக்கோத்தவன் தூங்கிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தோம்.

மெம்பர் ஊர் வந்து இறங்கிய அன்று தெருவே கூடி நிற்க, அவர் வீட்டு வாசலிலேயே மறித்து ஏன் இப்படி என்று கேட்டேன். எங்கள் சௌராஷ்டிர பாஷையை விட்டுவிட்டு, கூட்டம் முழுக்கப் புரியட்டும் என்று தமிழிலேயே விளக்கினார்.

"மாப்ள, அங்கன ஓட்டுன்னா கையத் தூக்குறது இல்ல. எந்திரிச்சு நடக்கணும். வேணும்ங்கிறவன் வலது வாசல், வேணாம்ங்கிறவன் இடது வாசல். அன்னைக்கு அமாவாசை வேற! இடப்பக்கமாப் போகச் சொல்றியா? கோயில்ல என்னைக்காச்சும் அப்பிடிச் சுத்தியிருக்கமா? சாமி குத்தமாயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அடப்பாவி மனுஷா! வெள்ளைக்காரன் கட்டிய மண்டபத்தில் பிரகாரம் கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். அவருடைய கிட்டங்கியில் பழைய விலைக்கு வாங்கிய நூல் மூட்டைகள் உத்தரம் வரை கிடந்தனவே, அதற்கும் இந்தப் பக்திக்கும் துளியும் சம்பந்தமில்லை. நம்புங்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அன்னக்கொடி முன்னால் வந்தாள். என் தறி நின்றதிலிருந்து அவளுக்கு வேலையில்லை. இடுப்பில் இருந்த சின்னது அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்து கிடந்தது.

"சாமி குத்தம் ஆகக் கூடாதுதான் மெம்பரய்யா. நீங்க சரியாத்தான் போயிருக்கீக. பிள்ளைக பட்டினி கெடக்கு. நான் எந்தப் பக்கம் போகட்டும்?"

மெம்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூட நின்ற தன் கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, "இந்தப் பொம்பளைக்கு ஓட்டு இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று தெரிந்ததும் உள்ளே சாப்பிடப் போய்விட்டார்.