ஃபலாஹுக்கு வேண்டிய பல்

தொழுகைக்கு அழைக்கும் பாங்கில் ஒரு சொல் இருக்கிறது. மேற்பல் இல்லாதவனால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. "ஹய்ய அலல் ஃபலாஹ்", வெற்றியின் பக்கம் வாருங்கள். அந்த ஃபவுக்கு மேற்பல்லின் நுனி கீழுதட்டைத் தொட வேண்டும். தமிழில் இல்லாத ஒலி. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போய்த்தான் பழகுகிறோம். குறிஞ்சாக்கேணியில் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நான். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, என் மேற்பற்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டது.

முதலில் கழற்றி மாட்டும் கட்டுப்பல் போட்டேன். சரியாக அந்தச் சொல்லில் அது கழன்று நாக்கில் விழும். ஒலிபெருக்கியில் 'டக்' என்று கேட்கும். வெட்கக்கேடு. அதனால்தான் தாடை எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் முழு வரிசைப் பல்லையும் பூட்டிக்கொள்ளத் துணிந்தேன். திருகோணமலை டவுனில் பல் டொக்டர் நான்கு திருகாணிகளை இறக்கி ஈறைத் தைத்துவிட்டார்.

"உங்கட எலும்பு மெலிசு. அது இறுக்கிப் பிடிக்க மாசக் கணக்கில ஆகும். அதுவரைக்கும் பழைய கட்டுப்பல்லையும் போடாதேங்கோ" என்றார்.

"அப்ப பாங்கு?"

"வேற ஆரும் சொல்லட்டுமே."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

மைக் என் மனைவியின் தம்பி கைக்குப் போனது. வாய் நிறையப் பல் இருந்தும் அவனுக்கு அது 'பலாஹ்' என்றுதான் வந்தது. ஒவ்வொரு தொழுகை நேரமும் அது என் காதில் விழுந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவேன், முற்றத்துக்குப் போவேன், திரும்பி வந்து நாக்கால் ஈறைத் தடவிப் பார்ப்பேன். மனைவியிடம் ஃபேனைப் போடச் சொன்னால் என் வாயில் அது 'பேன்' என்று வரும், அவளுக்குச் சிரிப்பு.

"பேனா? சுவிட்சைப் போடவா, தலையில பார்க்கவா?"

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவனைப் பிடித்து இருத்தினேன். "மச்சான், அல்லாஹ் உனக்குப் பல்லைத் தந்திருக்கான். அதைக் கீழுதட்டில வச்சுக் காத்தை விடு. பலாஹ்."

"நீங்களும் பலாஹ் எண்டுதானே சொல்றீங்க?"

"நான் சொல்றதைச் சொல்லாத. சொல்லச் சொல்றதைச் சொல்லு."

பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் தினமும் இதே சண்டை. ஒருநாள் அவனுக்கு அது வந்துவிட்டது, தெளிவாக, என்னுடையதைவிட நீளமாக. இப்போதுதான் பாங்கு பாங்கு மாதிரி இருக்கிறது என்று ஊர் சொன்னது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். மோதினார் வேலை இனி எனக்கு இல்லை என்று பயந்தேன்.

ஒருவழியாகப் புதுப் பல்லைப் பூட்டினார்கள். திரும்பி வரும் பஸ் கிண்ணியா பாலத்தில் ஏறும்போதும் நாக்கு அதைத்தான் துழாவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். மச்சான் மைக்குக்கு முன்னால் நின்றான். என் வாயைப் பார்த்தான். விலகி இடம் விட்டான். முகம் வாடிப்போனது தெரிந்தது. நீயே சொல்லு என்று சொல்லியிருந்தால் பெரிய மனுசனாகியிருப்பேன். சொல்லவில்லை. முன்னால் போய் நின்றேன்.

அந்த வரியை இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை பல் உதட்டைத் தொட்டது. ஃப சுத்தமாக வந்தது. இரண்டாம் தடவையும் பல் அங்கேயே நின்றது. கண்ணீர்தான் நிற்கவில்லை. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.