சுகர்காரர் கால்களும் நானும்

நர்ஸ் வேலையில் ஊசி போடுகிறவளைக் கண்டால் பயப்படுவார்கள், கால் பார்க்கிறவளைக் கண்டால் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷம் நான் கால் பார்த்தவள். எனக்கும் ஏழு வருஷமாகச் சுகர் உண்டு. அதனால் இதை நமக்குள் பேசிக்கொள்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன சாவி

சின்னக்கானலில் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்தபோது, தேயிலைக் கொழுந்து எடுக்கும் மரியபுஷ்பம் வந்து, "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். வெளியே பெரிய வரிசை. சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ரப்பர் பூட்ஸிலிருந்து நாற்றம் வருகிறது என்று வந்தாள். கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு சாவி விழுந்தது. உள்ளங்காலில் அதே அளவுக்குக் குழி, சீழ். இரண்டு நாள் அதை மிதித்துக்கொண்டே மலைச்சரிவில் ஏறி இறங்கியிருக்கிறாள், சுகரில் பாதம் மரத்துப்போனதால் ஒன்றும் தெரியவில்லை. புண் ஆற ஐந்து மாதம் ஆனது. ஆனால் சாவி விழுந்த அன்று அவள் காலைப் பார்க்கவில்லை, சாவியைத்தான் பார்த்தாள்.

"அடப்பாவி, இதக் காணோம்னுல்லா வீட்டுப் பூட்டையே ஒடச்சோம்!"

கண்ணை மூடினால்

ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர் யேசுதாசன். சர்ச்சில் எல்லோரும் எழுந்து கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் ஆடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசை மேலேயே விழுந்தார். குடிகாரன் என்று ஊர் முடிவு கட்டியது. மனைவி பேச்சை நிறுத்தினாள். அதே சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் நம்பினேன்.

ஒரு வருஷம் கழித்துச் சுகர் பரிசோதனைக்கு வந்தார். காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். மரம் சாய்கிற மாதிரி என் மேல் சாய்ந்தார். வாயில் ஒரு வாடையும் இல்லை. பாதத்தில் உணர்ச்சி போனவர்கள் கண்ணால்தான் நிற்கிறார்கள். மூடினால் தரை எங்கே என்று தெரியாது. அவர் மனைவியைக் கூப்பிட்டு விளக்கினேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"குடிச்சிருந்தாலாவது விட்டுத் தொலைச்சிருப்பேன் சிஸ்டர்."

ஒன்பது கிலோ

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மீனாட்சிபுரத்தில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிவந்த சரஸ்வதியக்காவுக்குச் சுகரோடு கனத்த உடம்பும். குதிகால் வலியில் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடக்க முடியவில்லை. "எடையைக் குறைங்கக்கா, வலி குறையும்" என்று மாதாமாதம் சொன்னேன். மூன்றே மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தார். "வலியும் இல்லீங்க சிஸ்டர், கால் இருக்கறதே தெரியறதில்லீங்க" என்றார். நான் சந்தோஷப்பட்டு, காத்திருந்தவர்களை எல்லாம் கை தட்ட வைத்தேன். எப்படிக் குறைந்தது என்று கேட்கவில்லை.

இன்சுலின் போட்டால் உடம்பு ஏறும் என்று யாரோ சொல்ல, ஊசியை நிறுத்தியிருக்கிறார். சுகர் ஏறி ஏறி உடம்பைக் கரைத்திருக்கிறது. கால் விரல் கறுத்து, நினைவு தப்பிய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். அவரே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"ஏனுங்க சிஸ்டர், இப்ப எடை போட்டுப் பார்த்தா இன்னுங் கொஞ்சம் குறைஞ்சிருக்குமுங்களா?"

ஒருவர் சொல்வதை முழுசாகக் கேட்க வேண்டும், காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரிப் பாடத்தைப் படிக்க, எனக்கு இத்தனை பேருடைய கால் தேவைப்பட்டிருக்கிறது.