மூணு கடல் பாசியும் ஒரு மொட்டை மாடியும்

கடல்பாசி ஆராய்ச்சிக்குக் கடலே இல்லாத திருச்சியைத் தேர்ந்தெடுத்த என்னைப் போன்ற புத்திசாலிகள் வேறு யாராவது இருந்தால், சகபாவிகளே, கொஞ்சம் கிட்ட வாங்க.

பஸ்ஸில்

என் வேலை இதுதான். மண்டபம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்று இடத்திலும் ஒரே சிவப்புப் பாசி கிடைக்கிறது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் மரபணுவில் ஊருக்கு ஊர் மாறும் அடையாளங்கள் உண்டு, அவற்றை மார்க்கர் என்போம். அதை வைத்து மூன்றும் வேறு வேறு கூட்டம் என்று நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் அம்போ!

மண்டபத்திலிருந்து ஈரப் பையோடு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்தியவர் திருச்சி மன்னார்புரம் வரை கையை எடுக்கவில்லை. மீன் இல்லைங்க, பாசி, ஆராய்ச்சிக்கு என்று கண்டக்டரிடம் மன்றாடினேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "மீனே இல்லாம மீன் நாத்தம் வர வைக்கிறதுக்கா இவ்ளோ படிச்சீங்க?"

ஆய்வகத்தில்

மரபணுவை ஓடவிட்டுக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல் இருக்கிறதே, அதுவும் சிவப்புப் பாசியிலிருந்து எடுத்த பொடியைக் காய்ச்சிச் செய்வதுதான். காய்ச்சினேன், ஊற்றினேன், கோடு மட்டும் வரவில்லை. வாரக்கணக்கில் இதே கூத்து. பக்கத்து மேஜை நஸ்ரீனுக்குப் பெரிய கடை வீதிப் பக்கம் வீடு. என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுனா நோன்பு திறக்குறதுக்குள்ள ரெடி. நீ காய்ச்சுறது எந்த வருஷ நோன்புக்குடி?" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில்

நான் பாசி காயவைத்த நாற்றம் தாங்காமல் கல்லூரி மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். இது செடி வகைதான், மீன் சம்பந்தமே இல்லை என்று பெருமாள் மேல் சத்தியம் செய்த பிறகுதான் மொட்டை மாடி ஷெட்டில் காயவைக்க அனுமதி கிடைத்தது. மூன்று தாளில் மூன்று ஊர்ப் பாசியைப் பரப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் தாளைக் காணோம், ஒரே ஒரு துணி மூட்டை! மறுவாரம் என் வேலையை மதிப்பிட ஆய்வுக் குழு வருகிறது. மறுபடி மூன்று கடலுக்கும் போய்வர நேரமே கிடையாது.

மாமி பெருமையாகச் சிரித்தார். "சாரல் அடிச்சுதுடி கொழந்தே. மூணும் ஒண்ணுதானேன்னு ஒண்ணா வாரிக் கட்டிட்டேன்."

சாரின் அறையில்

என் வழிகாட்டி சாரிடம் போய் அழுதேன். கூச்சமே இல்லாமல் அழுதேன். அவர் மூட்டையைப் பிரித்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்தார். ஒவ்வொரு ஊர்ப் பாசியிலும் ஒரு பகுதி ஊர்ப் பெயரோடு ஆய்வகக் குப்பியில் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். "அப்புறம் என்னம்மா? அதோட ஒப்பிட்டு இந்த மூட்டையப் பிரிங்க. பிரிக்க முடியலைன்னா, மாமி சொன்னதையே முடிவுன்னு எழுதிடுங்க."

குழுவின் முன்னால்

குழு வருவதற்குள் மூட்டையிலிருந்து கைக்கு வந்ததை எல்லாம் எடுத்து, நஸ்ரீன் காய்ச்சிக் கொடுத்த ஜெல்லில் ஓடவிட்டேன். இந்தத் தடவை கோடுகள் வந்தன! ஒவ்வொரு துண்டின் கோடும் சொந்த ஊர்க் குப்பிப் பாசியின் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. எதுவும் இரண்டுங்கெட்டானாக நிற்கவில்லை. நஸ்ரீனைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

மறுவாரம் வந்த குழுவில் கடுகடுவென்றிருந்த பெரியவர் ஜெல் படத்தை உற்றுப் பார்த்தார். எது எந்த ஊர் என்று தெரியாமல் கலந்து வைத்துப் பிரித்திருக்கிறீர்களே, இந்தத் துணிச்சல் யாருக்கும் வராது, யார் யோசனை என்று கேட்டார். நான் சார் பக்கம் திரும்பினேன். சார் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை: "ஸ்ரீரங்கத்துல நமக்கு ஒரு மேடம் இருக்காங்க சார். அவங்க டிசைன்."

ஆக, சாரல் அடித்து மாமி வாரிக் கட்டினால் அது விபத்து, அதையே ஆய்வேட்டில் ஏற்றிவிட்டால் பரிசோதனை முறை.