ஐம்பத்தைந்தில் வந்த நடுக்கம்

என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காரின் சக்கரங்களைப் பழைய பனியன் துணியால் துடைப்பார். கார் அழுக்காக நின்றாலும் சக்கரங்கள் பளபளவென்று இருக்கவேண்டும். எங்கள் முதல் கார் அது. ஊருக்கே திரும்பிப்போன அலுவலக நண்பர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அவர் ஆசைப்பட்டுப் பெரிய அலாய் சக்கரங்களைப் போட்டிருந்தார். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வரிசையாக நின்ற கார்களில் அந்த ஒன்றின்மேல்தான் கண் போகும். சக்கரம் பெரிது, அதனால் டயரின் ரப்பர் ஒல்லி. அதைப் பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வாரநாட்களில் கார் என்னிடம் இருக்கும். அவர் வேறொருவர் காரில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடிப்பார். எங்கள் மகளுக்குப் பிறக்கும்போதே ஒரு பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டை மாற்றவேண்டும். ஹைவேயில்தான் போகமுடியும். நான் லைசென்ஸ் வாங்கி அதிக நாளாகியிருக்கவில்லை. ஆனால் வேறு யாரும் இல்லை, அதனால் ஓட்டினேன்.

குளிர்காலம் முடியும் சமயத்தில் ஒரு பள்ளத்தில் இறக்கினேன். பனி உருகிய தண்ணீர் நிரம்பி, பள்ளம் சாலையோடு சாலையாகத் தெரிந்தது. அந்த அடி என் பற்களில் கேட்டது. பின்சீட்டில் குழந்தை வீறிட்டு அழுதுவிட்டு நிறுத்தியது. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு ஸ்க்ராட்ச்கூட இல்லையே. பயந்துட்டியா?”

அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. நாற்பது மைல் வேகத்தில் ஒன்றும் இருக்காது. ஐம்பத்தைந்தைத் தொட்டால் முழங்கைவரை ஏறும்.

“நியூ ஜெர்சி ரோடு அப்படித்தாம்மா. ஸ்னோ எல்லாத்தையும் பேத்து வெச்சிருக்கு,” என்றார்.

“முன்சக்கரத்துல காத்து வேற இறங்கியிருக்கு.”

“குளிர்ல இறங்கும். நீதானே ஃபிசிக்ஸ் படிச்சவ?”

நான் படித்த ஃபிசிக்ஸில் அது சரிதான். குளிரில் இறங்கினால் நான்கிலும் அல்லவா இறங்கவேண்டும் என்று அவர் குளிக்கப் போன பிறகு தோன்றியது. நான்கையும் ஒழுங்காகப் பார்த்தோமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. இன்னொரு நாள் நடுக்கத்தைச் சொன்னபோது சிரித்தார். “பூஜை போட்டு எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தினியே, அதுல ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டிருக்கோ என்னவோ.”

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த மாதங்களில் எதுவும் என்னைத் தொடவில்லை. பால் கரைத்தேன், கட்டு நனையாமல் குழந்தையைத் துடைத்தேன், சோறு வைத்தேன். பயமும் இருந்தது, பக்கத்து வீட்டில் ஓடும் டிவி சத்தம்போல அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஹைவேயில், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத்திலேயே போவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். சில சமயம், இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஐம்பத்தைந்துக்கு ஏற்றுவேன். இருக்கும். நடுங்குவது காரா, என் கையா? ஒரு மத்தியானம் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றேன். சிந்தவில்லை. ஆனால் வீட்டில் நிற்கும்போது சிந்தாதது எதற்குச் சாட்சி?

சித்திரை வருஷப்பிறப்புக்கு ஒரு பள்ளிக்கூட ஹாலில் தமிழ்க் குடும்பங்கள் கூடின. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகவேண்டும். எதிர் பிளாக்கில் இருந்த பாளையங்கோட்டை அக்காவும் எங்கள் காரில் வந்தார். நர்ஸ் வேலை, ஈஸ்டருக்கு எங்களுக்குக் கேக் தருவார், வருஷப்பிறப்புக்குச் சாம்பார் வைப்பார். ஐம்பது பேருக்கான சாம்பார்ப் பாத்திரத்தை, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால், குழந்தையோடு. கணவர் ஓட்டினார்.

ஹைவேயில் ஏறியதும் தட்டு கடகடவென்று அடித்தது.

“என்ன தம்பி, தட்டு கெடந்து தாளம் போடுது?”

“கொஞ்சம் அழுத்திப் பிடிங்கக்கா. ரோடு அப்படி.”

“ரோடுன்னா எப்பவும்லா ஆடணும்? நீங்க மெதுவா போனா நிக்கி, வெரட்டுனா ஆடுது. எம் புதுச் சேல சாம்பாரக் குடிக்கதுக்குள்ள வண்டிய என்னன்னு பாருங்க.”

அவர் வேகத்தைக் குறைத்தார். தட்டு அடங்கியது. ஏற்றினார். அடித்தது. மறுபடி குறைத்தார்.

“ஆமாக்கா,” என்றார். “கரெக்ட்தான். நாளைக்கே காட்டிடறேன்.”

அக்கா பின்னால் திரும்பினார். “ஏ புள்ள, வாரம் பூரா நீதான ஓட்டுத? ஒனக்குத் தெரியலையா?”

கண்ணாடியில் கணவரின் கண்கள் என்னைப் பார்த்துவிட்டுச் சாலைக்குப் போயின.

“தெரிஞ்சுதுக்கா,” என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவரே காரை டயர் கடைக்கு ஓட்டினார். நானும் குழந்தையோடு போனேன். முன்சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் சாய்த்தார்கள். வெளிப்பக்கம், அவர் துடைத்துத் துடைத்துப் பார்த்த பக்கம், அப்படியே பளபளத்தது. உள்விளிம்பு மடங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கீழே விழுந்து நசுங்கிய சொம்பின் வாய்போல இருந்தது. மடங்கின இடத்திலிருந்து மயிரிழையாக ஒரு விரிசல் உள்ளே ஓடியது. இதை வைத்துக்கொண்டு இனி ஹைவேயில் ஏறாதீர்கள், எப்போது வேண்டுமானாலும் உடையும் என்று கடைக்காரர் சொன்னார்.

கணவர் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“நல்லவேளை, அக்கா சொன்னாங்க,” என்றார்.

எனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. குழந்தையின் கட்டுப்போட்ட கால் அவர் பெல்ட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சரியாக வைத்தேன்.

புதுச் சக்கரம் வரும்வரை டிக்கியில் கிடந்த இரும்புச் சக்கரத்தை மாட்டிக்கொடுத்தார்கள். மூன்று வெள்ளி, ஒன்று கறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் துடைக்கவில்லை.

அடுத்த ஆஸ்பத்திரி நாளன்று முன்சீட்டில் ஒரு காலிப் பாத்திரத்தை வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தேன். ஹைவேயில் ஐம்பத்தைந்தைத் தொட்டேன். கையில் ஒன்றும் இல்லை. தட்டைப் பார்த்தேன். அதிலும் இல்லை. போகவர முழுக்க வலது ஓரத்திலேயே ஓட்டினேன்.

மத்தியானம் அவர் ஆபீசிலிருந்து போன் செய்தார்.

“எப்படி இருந்தது?”

“ஆடல.”

“பார்த்தியா,” என்றார்.

ஆடல என்றதை அவர் உடனே நம்பினார்.